விடுமுறையில் தீம் பார்க் வேலையா? சம்பளம், நேரம், பாதுகாப்பு: கிளம்பும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

ஏப்ரல் மாதம் செமஸ்டர் தேர்வு முடிகிற நேரத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பிக்கும். "சென்னை ஈசிஆர் தீம் பார்க்கில் ஆட்கள் தேவை. தங்கும் இடம், சாப்பாடு இலவசம். மாணவர்கள் வரலாம்." காரைக்கால், திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் எனப் பல ஊர்ப் பிள்ளைகள் இதைப் பார்க்கிறார்கள். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து கம்பன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். இரண்டு மாதம் உழைத்தால் அடுத்த செமஸ்டர் கட்டணம் கட்டிவிடலாம், வீட்டுக்குக் கொஞ்சம் கொடுக்கலாம் என்பது கணக்கு.

நல்ல கணக்குதான். ஆனால் கல்லூரி திறக்கிற வாரத்தில் சிலருக்குக் கிடைக்கிற பதில் வேறு: "சம்பளம் இப்ப இல்ல தம்பி, அடுத்த மாசம் வந்து வாங்கிக்கோ." சுமார் 300 கிலோமீட்டர் தாண்டி அதற்காகத் திரும்பிப் போக யாருக்கு நேரம் இருக்கிறது? பாக்கி பாக்கியாகவே நின்றுவிடுகிறது. இப்படி ஆகாமல் இருக்க, கிளம்பும் முன்பே என்ன கேட்க வேண்டும், கையில் என்ன வைத்திருக்க வேண்டும், பிரச்சினை வந்தால் எங்கே போக வேண்டும் என்று பார்ப்போம்.

எந்த ஊர்ச் சட்டம் பொருந்தும்?

காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. சுற்றிலும் தமிழ்நாடு. வடக்கே பூவம் தாண்டினாலும், தெற்கே வாஞ்சூர் தாண்டினாலும் வேறு மாநிலம். எனவே ஒன்றை மனதில் வையுங்கள்: உங்கள் வீடு எங்கே என்பது முக்கியமில்லை, வேலை எங்கே நடக்கிறது என்பதே முக்கியம். ஈசிஆர் பூங்காவில் வேலை என்றால் தமிழ்நாடு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி பொருந்தும். புதுச்சேரியில் வேலை என்றால் புதுச்சேரி அரசின் கூலி. "நீ பாண்டிச்சேரிக்காரன், உனக்கு இந்த ரேட்தான்" என்று யாரும் சொல்ல முடியாது.

நாடு முழுவதும் பொருந்துகிற புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. இதன்படி குறைந்தபட்சக் கூலி எல்லாத் தொழிலாளர்களுக்கும் உண்டு. பகுதி நேரமா, தற்காலிகமா, மாணவரா என்ற வித்தியாசம் இல்லை. பெரிய பூங்காவுக்கு மட்டும் அல்ல, மாங்கனித் திருவிழாவிலும் நாகூர் கந்தூரியிலும் வேளாங்கண்ணித் திருவிழாவிலும் போடுகிற ராட்டினக் கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

வேலை நேரம்: கேட் திறப்பதற்கு முன்பே தொடங்குகிறது

பூங்கா காலை 10, 11 மணிக்குத்தான் திறக்கும். ஆனால் ஊழியர் அதற்கு முன்பே வர வேண்டும். ராட்டினத்தை வெறுமனே ஓட்டிப் பார்ப்பது, பாதுகாப்புப் பட்டைகளைச் சரிபார்ப்பது, தண்ணீர்ப் பகுதியைச் சுத்தம் செய்வது, கவுண்டரில் சில்லறை எண்ணி வைப்பது எல்லாம் அப்போதுதான் நடக்கும். மாலையில் கூட்டம் கலைந்த பிறகும் குப்பை அள்ளுவது, லாக்கர் சாவிக் கணக்கு, வசூல் ஒப்படைப்பு என்று ஒரு மணி நேரம் போகும். இதெல்லாம் வேலை நேரம்தான். கேட் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் உங்கள் உழைப்பில் ஒரு பகுதி இலவசமாகப் போகிறது என்று அர்த்தம்.

சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள். அதற்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் உங்கள் சம்மதம் வேண்டும். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 8 மணி நேரத்துக்கு ரூ.480 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு ரூ.60 ஆகிறது. தினமும் 2 மணி நேரம் கூடுதலாகப் பார்த்தால், மணிக்கு ரூ.120 வீதம் ரூ.240 கூடுதலாக வர வேண்டும். 25 நாளில் இது ரூ.6,000. "ஓவர்டைம் எல்லாம் இங்க கிடையாது" என்கிற ஒரே வாக்கியத்தில் நீங்கள் இழக்கிற தொகை இவ்வளவு.

விடுமுறை நாள் விஷயமும் முக்கியம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு தேசிய விடுமுறைகளும், ஐந்து பண்டிகை விடுமுறைகளும் ஊழியருக்குச் சட்டப்படி உண்டு. பூங்காவில் அன்றுதான் கூட்டம் அலைமோதும். அந்த நாளில் வேலை பார்த்தால் இரட்டிப்புக் கூலியோ, சம்பளத்துடன் வேறொரு நாள் விடுப்போ தர வேண்டும்.

நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி செய்து தர வேண்டும். டிக்கெட் கவுண்டரிலோ ராட்டினத்தின் பக்கத்திலோ ஸ்டூல் கேட்பது சலுகை கேட்பது ஆகாது, அது உங்கள் உரிமை.

18 வயது ஆகவில்லையா?

பிளஸ் டூ முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் பலருக்கு இன்னும் 18 ஆகியிருக்காது. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான வேலைகளில் ஈடுபடுத்தக் கூடாது. மற்ற வேலைகளிலும் இடைவேளை உட்பட ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான். தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, நடுவில் ஒரு மணி நேர ஓய்வு வேண்டும். இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை இல்லை. ஓவர்டைமும் இல்லை. 14 வயதுக்குக் கீழே என்றால் வேலைக்கே வைக்கக் கூடாது. மீறல் கண்ணில் பட்டால் 1098-க்கு அழையுங்கள்.

சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம்?

மாதம் ரூ.12,000 சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12 சதவீதம், அதாவது ரூ.1,440. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், அதாவது ரூ.90. கையில் ரூ.10,470 வர வேண்டும். நிறுவனமும் தன் பங்காக பி.எஃப்.க்கு 12 சதவீதமும் இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதமும் கட்ட வேண்டும். பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பி.எஃப். உண்டு. 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு; மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்கள் அதில் வருவார்கள்.

பிடித்தோம் என்று சொல்வது மட்டும் போதாது, கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். உமங் செயலியில் உங்கள் யு.ஏ.என். எண்ணைப் போட்டால் பி.எஃப். பாஸ்புக் வந்துவிடும். இரண்டு மாத வேலைதானே என்று விட்டுவிடாதீர்கள். படிப்பு முடிந்து வேறு வேலைக்குப் போனாலும் அதே யு.ஏ.என். தொடரும்.

அபராதம் போட்டால்? எந்தத் தவறுக்கு அபராதம் என்று முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். மொத்த அபராதம் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ரூ.12,000-க்கு அது ரூ.360. எல்லாப் பிடித்தங்களையும் சேர்த்தாலும் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. "தங்குமிடம் இலவசம்" என்று சொல்லிவிட்டுப் பிறகு வாடகை பிடித்தால், அந்த முதல் வாட்ஸ்அப் செய்தியே உங்களுக்கு ஆதாரம். அதை அழித்துவிடாதீர்கள்.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். நீங்களே வேலையை விட்டு நின்றாலும் 2 வேலை நாட்களுக்குள் முழுக் கணக்கையும் முடித்துத் தர வேண்டும். மாணவர்களுக்கு மிகவும் தேவையான விதி இதுதான். கல்லூரி திறக்கும் தேதி முன்பே தெரியும் அல்லவா? கடைசி நாள் எது என்று ஒரு வாரம் முன்னதாகவே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதிச் சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் தங்கிக் கணக்கை முடித்துக்கொண்டு ரயில் ஏறுங்கள்.

"நான் வெறும் கான்ட்ராக்டர், பார்க் காசு கொடுக்கல" என்றால்? ஒப்பந்ததாரர் தராவிட்டால், எந்த இடத்தில் வேலை பார்த்தீர்களோ அந்த நிறுவனமே பாக்கியைத் தர வேண்டும்.

ராட்டினத்தின் பக்கத்தில் நிற்பவர் நீங்கள்

2016 மே மாதம் தாம்பரம் அருகே ஒரு கேளிக்கைப் பூங்காவில் புதிய ராட்டினம் ஒன்றைச் சோதித்துப் பார்த்தபோது விபத்து நடந்தது. இறந்தவரும் காயம்பட்டவர்களும் அங்கே வேலை பார்த்தவர்கள். பார்வையாளருக்கு முன் ஊழியர்தான் ராட்டினத்தில் ஏறுகிறார் என்பதை மறக்க வேண்டாம். பயிற்சி தராமல் இயந்திரத்தை இயக்கச் சொன்னாலோ, சோதனை ஓட்டத்தில் ஏறி உட்காரச் சொன்னாலோ, "எனக்குப் பயிற்சி கொடுங்க, அப்புறம் செய்றேன்" என்று சொல்லுங்கள். நீச்சல் தெரியாமல் அலைக்குளத்தில் உயிர்காப்பாளராக நிற்க ஒப்புக்கொள்ளாதீர்கள். பொம்மை வேடம் போடுபவர்கள் மே மாத வெயிலில் அடிக்கடி வெளியே வந்து தண்ணீர் குடிக்க இடைவேளை கேட்டு வாங்குங்கள்.

வேலையில் காயம் பட்டால் இ.எஸ்.ஐ. மூலம் சிகிச்சையும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பணப்பலனும் உண்டு. இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் முதலாளி இழப்பீடு தர வேண்டும்.

மாணவிகளுக்கு: மாலை 7 மணிக்கு மேல் வேலை என்றால் உங்கள் சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பாலியல் தொல்லை புகார்களை விசாரிக்க உள் புகார்க் குழு இருக்க வேண்டும். பயிற்சியாளராக இருந்தாலும் புகார் தரலாம். பொதுவாக 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். உடனடி உதவிக்கு 181, அவசரத்துக்கு 112.

போனில் இவற்றைச் சேர்த்து வையுங்கள்

1. பணி நியமனக் கடிதம். நிறுவனத்தின் பெயர், சம்பளம், வேலை நேரம் இருக்க வேண்டும். கடிதம் தராவிட்டால் இதே விவரங்களை வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

2. தினசரி வந்த நேரம், போன நேரம். போனில் உள்ள குறிப்புச் செயலியில் ஒரு வரி போதும்.

3. சம்பளச் சீட்டு. கேட்டு வாங்குங்கள், தருவது நிறுவனத்தின் கடமை.

4. வங்கிக் கணக்கில் வந்த தொகையின் ஸ்கிரீன்ஷாட். முடிந்தவரை கையில் பணமாக வாங்காதீர்கள்.

5. அசல் மதிப்பெண் சான்றிதழை யாரிடமும் கொடுக்காதீர்கள். டிஜிலாக்கரில் காட்டலாம், நகல் கொடுக்கலாம். ஆதார் என்றால் முதல் எட்டு இலக்கம் மறைத்த நகல் போதுமா என்று கேளுங்கள்.

வெளிநாட்டுப் பூங்கா வேலையா?

"துபாய், சிங்கப்பூர் தீம் பார்க்கில் வேலை" என்று விளம்பரம் வந்தால் முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் ரூ.30,000-உம் ஜி.எஸ்.டி.யும்தான். காரைக்கால் குடும்பங்கள் பலவற்றுக்கு பிரான்சில் உறவினர் இருக்கிறார்கள். பாரிஸ் டிஸ்னிலாந்தில் வேலை இருக்கு என்று மாமா சொன்னாலும், மாணவர் விசாவில் போகிறவர் ஆண்டுக்கு 964 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பதை மறக்காதீர்கள். பணம் கட்டி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

பணம் வரவில்லையா?

முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். எத்தனை நாள், எத்தனை மணி நேரம், எவ்வளவு பாக்கி என்று தெளிவாக. பதில் இல்லை என்றால் வேலை பார்த்த மாவட்டத்தின் தொழிலாளர் துறைக்கு மனு கொடுங்கள். தமிழ்நாட்டில் நடந்த வேலை என்றால் 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணிலும் பதிவு செய்யலாம். கூலிப் பாக்கிக்கு 3 ஆண்டுக்குள் மனு போடலாம், அதனால் கல்லூரி திறந்துவிட்டதே என்று கைவிட வேண்டாம். பாக்கியுடன் அதைப்போல் 10 மடங்கு வரை இழப்பீடு வழங்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. கூலி கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. மனு எழுதத் தெரியவில்லையா? 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கிளம்பும்போது "பத்திரமா போய்ட்டு வா" என்று சொல்வதோடு, வேலை தரும் நிறுவனத்தின் பெயர், தங்கும் இடத்தின் முகவரி, மேற்பார்வையாளரின் எண் மூன்றையும் உங்கள் போனில் வாங்கி வையுங்கள். இந்தக் கட்டுரையை அவர்களுடைய நண்பர்கள் குழுவிலும் அனுப்பிவிடுங்கள். நாலு பேருக்கும் தெரிந்திருந்தால் ஒருவருடைய சம்பளம் நின்றாலும் நாலு பேரும் சேர்ந்து கேட்பார்கள்.