குடம் தரையில், சுரை தொடையில்

தஞ்சாவூர் வீணையின் இடது கோடியில், யாளி முகத்துக்குப் பக்கத்தில், தண்டிக்கு அடியில் ஒரு சுரைக்குடுக்கை இருக்கும். அது எதற்கு என்று கேட்டால் ‘நாதத்துக்கு’ என்றுதான் பலரும் சொல்வார்கள். இன்றைய வீணையில் நாதத்தைச் சுமப்பது பலா மரத்தைக் குடைந்து செய்த குடம். சுரையைக் காகிதக்கூழிலும் செய்கிறார்கள், ஃபைபரிலும் செய்கிறார்கள். கழற்றி மாட்டிக்கொள்ளலாம். இல்லாவிட்டாலும் ஒலி பெரிதாகக் கெடாது. அதற்கு முக்கியமான வேலை ஒன்றுதான்: வாசிப்பவரின் இடது தொடையில் உட்காருவது.

உட்காருவது ஒரு வேலையா என்றால், வீணையில் அதுதான் பாதி வேலை.

ஸ்வரத்தை அசைத்துக் கமகம் வாசிக்கும்போது இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தந்தியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுக்கின்றன. இழுக்க இழுக்கத் தந்தி இறுகும், சுருதி ஏறும். ஆனால் இறுகுகிற அளவுக்கு ஏறாது. அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் உயரும். ஷட்ஜ மெட்டிலிருந்து சதுச்ருதி ரிஷபத்தைத் தொட அதிர்வெண் 9/8 மடங்காக வேண்டும். அதற்கு இழுவிசை கால் பங்குக்கு மேல் கூட வேண்டும். அங்கிருந்தே சுத்த மத்யமம் வரை இழுத்தால் அதிர்வெண் 4/3 மடங்கு, இழுவிசையோ 16/9, அதாவது ஏறக்குறைய 1.8 மடங்கு! தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்கிறவரின் விரல் இப்படிப்பட்ட ஏற்ற இறக்கத்தை ஒரு நொடிக்குள் பல தடவை சமாளிக்கிறது.

விரல் தந்தியை இழுத்தால், தந்தி வீணையையும் சேர்த்து இழுக்கும். வீணை நான்கடி நீளம், குடத்தின் அடியோ உருண்டை. பிடிமானம் இல்லாவிட்டால் உருண்டுவிடும். கிடார் வாசிப்பவர் கட்டைவிரலைக் கழுத்துக்குப் பின்னால் கொடுத்துச் சமாளிப்பார். வீணையில் தண்டியை அப்படிக் கவ்வினால் கை 24 மெட்டுகளின் மேல் ஓடாது. அதனால்தான் குடம் வலது தொடைக்கு அப்பால் தரையிலும், சுரை இடது தொடையிலும் இருக்கின்றன. இரண்டும் கீழிருந்து தாங்க, வலது கை பலகையின் விளிம்பில் படிந்து மேலிருந்து அமுக்குகிறது. வலது கை மீட்டுவது மட்டும்தான் கண்ணில் படும். வீணையை அசையாமல் நிறுத்துவதும் அதுதான்.

எப்போதும் எல்லாரும் இப்படித்தான் வைத்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்தவர். இளையவர் சாம்பசிவ ஐயர் கிடத்தி வாசித்தார். ஒரே வீடு, ஒரே பாணி, ஒரே மேடை. ‘சரியான முறை ஒன்றுதான்’ என்று அடித்துப் பேசுகிறவர்களுக்கு இந்த இருவரே போதும். தஞ்சாவூரை அடுத்த பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி வாசித்த கோட்டுவாத்தியத்துக்குத் தொடையே வேண்டாம். அதில் மெட்டு கிடையாது. கையில் பிடித்த கட்டை தந்தியின் மேல் வழுக்கிப் போய் அதன் நீளத்தை மாற்றியே சுருதியை ஏற்றி இறக்குகிறது. பக்கவாட்டு இழுப்பு இல்லாததால் வாத்தியத்தை முன்னால் கிடத்திவிட்டால் போதும்.

வாத்தியம் சரி, உடம்பு? சம்மணம் போட்டதும் முழங்கால் இடுப்பைவிட உயரமாக நின்றால் இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்துவிடும். கீழ்முதுகின் இயல்பான உள்வளைவு போய் முதுகு கூனும். நாலாக மடித்த துண்டு ஒன்றைப் பின்பக்கத்துக்கு அடியில் வைத்துக்கொண்டால் இடுப்பு முன்னால் சாயும், முதுகு தானே நிமிரும். கால் மரத்துப்போவது வேறு கதை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறம், ஒரு நரம்பு எலும்பை ஒட்டித் தோலுக்கு வெகு அருகில் ஓடுகிறது. அது தரையில் அழுந்தினால் பாதம் மரத்துப்போகும். திருவையாற்று ஆராதனையில் பஞ்சரத்தினம் முடிந்து எழுந்திருப்பவர்களின் கால்களைக் கவனித்தால் தெரியும்.

புதிதாகக் கற்பவர்கள் மெட்டைப் பார்க்க வேண்டும் என்று வீணையைத் தங்கள் பக்கம் சாய்த்துக்கொள்வார்கள். அது ஆசிரியர்கள் சலிக்காமல் திருத்தும் தப்பு. திருத்துவது அழகுக்காக மட்டுமில்லை. இடது கை தண்டிக்கு அடியில் சுற்றி வந்து மேலே விரலை வைக்கிறது. வீணை உள்பக்கம் சாய்ந்தால் மணிக்கட்டு இன்னும் மடியும். மணிக்கட்டுக்குள் விரல்களின் தசைநாண்களும் ஒரு நரம்பும் சேர்ந்து போகும் குறுகலான வழி உண்டு. மணிக்கட்டு மடிய மடிய அங்கே அழுத்தம் கூடும். அந்த நிலையில் தினமும் மணிக்கணக்கில் சாதகம் செய்தால் வலி வராமல் என்ன செய்யும்?

ஸ்பெயினில் தாரெகா (1852–1909) இடது பாதத்தைச் சிறு முக்காலியில் ஏற்றிவைத்துக் கிடார் வாசித்தார். அங்கேயும் பிரச்சினை இதுதான்: வாத்தியத்தைச் சுமக்கும் பொறுப்பிலிருந்து இடது கையை விடுவிப்பது.

இரண்டுக்கும் சோதனை ஒன்றே. வாசிக்கும் நிலையில் உட்கார்ந்து, இடது கையை மட்டும் முழுதாக எடுத்துவிடுங்கள். வாத்தியம் இருந்த இடத்திலேயே இருந்தால் சரி. சாய்ந்தாலோ நழுவினாலோ, இவ்வளவு நாளும் உங்கள் இடது கை கமகத்தோடு சேர்த்து வாத்தியத்தையும் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது.