குறி தவறாப் பந்தெறி

அமெரிக்காவில் பெருவழக்கிலுள்ள பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிபவன், கிரிக்கெட் பந்துவீச்சாளனைப் போல ஓடிவருவதில்லை. சிறு மேட்டில் பதித்த ரப்பர்ப் பலகையில் காலூன்றி, 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பாலுள்ள இலக்குத் தட்டின்மேல் செல்லுமாறு பந்தை எறிகிறான். 1893ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட இத்தூரம் இன்றும் மாறவில்லை. தட்டின் அகலமோ 17 அங்குலமே. மட்டையாளன் அடிக்க முயலாது விட்ட பந்துகளுள் நான்கு எல்லைக்குப் புறம்பாய்ச் சென்றால், அவன் முதல் தளத்தை உழைப்பின்றியே அடைகிறான். எல்லைக்குள் பந்தை இடுவது ஒரு திறமை. எல்லைக்குள்ளும் நினைத்த மூலையில் இடுவது அதனினும் அரிய திறமை. இளைஞன் ஒருவன் இவ்வரிய திறமையை எங்ஙனம் பெறலாம்?

முதற்கண் பிழையின் பிறப்பிடத்தை அறிதல் வேண்டும். பந்து கையை விட்டு நீங்கும் திசையில் ஒரு பாகை பிழைத்தால், தட்டை அடையும்போது அது ஏறக்குறைய ஓர் அடி விலகிவிடுகிறது. தேர்ந்த ஆட்டக்காரரின் தோள் சுழற்சி வினாடிக்குச் சுமார் 7,000 பாகை வேகத்தை எட்டுகிறது. ஆகவே விரல்கள் பந்தை விடுவது ஆயிரத்தில் சில பங்கு வினாடி முந்தினும் பிந்தினும் குறி தவறும். அக்கணத்தில் மனத்தால் கையைத் திருத்த இயலாது. உடல் முழுவதும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கில் இயங்குமாறு பழக்குவதே வழியாகும்.

அடிவைப்பே அவ்வொழுங்கின் தொடக்கம். தட்டை நோக்கி மண்ணில் ஒரு கோடு கிழித்து, முன்காலின் தடங்களைப் பார்வையிடுக. தடங்கள் ஓரிடத்தில் விழாது சிதறிக் கிடப்பின், பிழை கையில் அன்று, காலிலேயே தொடங்குகிறது என ஆசிரியர் துணியலாம்.

அடுத்தது, வலிந்து எறியாமை. சாண்டி கூஃபாக்ஸ் 1955இல் தமது 19ஆம் வயதில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் சேர்ந்தார். வேகம் மிகுதி, குறியோ இல்லை. 1960இல் 175 இன்னிங்ஸில் 100 பேரை உழைப்பின்றித் தளமேற விட்டார். 1961ஆம் ஆண்டுப் பயிற்சிக் காலத்தில், பந்து பிடிப்பவரான நார்ம் ஷெரி, அத்துணை வலிந்து எறியாதிருக்குமாறு அவருக்கு அறிவுரை கூறினார். 1963இல் 311 இன்னிங்ஸில் அவ்வெண்ணிக்கை 58 ஆகக் குறைந்தது. அவர் ஆட்டமிழக்கச் செய்த மட்டையாளர்களுள், அடிக்க இயலாது வீழ்ந்தோர் மட்டும் 306 பேர்.

மூன்றாவதாக, எறியும்போது மாணவனின் கவனம் தன் முழங்கையில் அன்றி, பந்து பிடிப்பவனின் கையுறையில் நிலைத்திருத்தல் நலம். குறைகளை எறிகளுக்கு இடையே எடுத்துரைக்கலாம். எறியும் கணத்தில் அன்று.

நான்காவதாக, இலக்கை மாற்றிப் பழகுதல் வேண்டும். கெர், பூத் என்போர் 1978இல் வெளியிட்ட ஆய்வில், 2 அடி, 4 அடித் தூரங்களில் சிறு பையை எறிந்து பழகிய 8 வயதுச் சிறுவர்கள், 3 அடித் தூரத்தில் மட்டுமே பழகியவர்களைவிட, அந்த 3 அடிச் சோதனையில் சிறந்து விளங்கினர். எனவே ஒரே மூலைக்கு ஐம்பது பந்துகள் எறிவதினும், ஒவ்வொரு பந்துக்கும் மூலையை மாற்றிக் கூறுவது நன்று.

இவை யாவினும் முக்கியமானது கையின் பாதுகாப்பு. கூஃபாக்ஸ், முழங்கை மூட்டழற்சியின் காரணமாக, 1966இல் தமது 30ஆம் வயதிலேயே ஓய்வு பெற்றார். இளைஞருக்கென 2014இல் அந்நாட்டில் வெளியிடப்பட்ட நெறிமுறை, ஒரு நாளில் எறியத்தக்க பந்துகளை 9, 10 வயதினருக்கு 75 என்றும், 11, 12 வயதினருக்கு 85 என்றும், 13 முதல் 16 வயதினருக்கு 95 என்றும் வரையறுக்கிறது. 14 வயது வரையிலானோர் 66 அல்லது அதற்கு மேற்பட்ட பந்துகளை எறியின் நான்கு நாள் ஓய்வும் வேண்டும்.

நன்கு எறிந்து வந்தவனின் பந்துகள் திடீரெனக் குறி தவறத் தொடங்கினால், பயிற்சி போதாதெனக் கருதி மேலும் எறியச் செய்தல் தகாது. களைத்த கை தரும் முதல் எச்சரிக்கையாக அது இருக்கலாம். அன்று பந்தை வாங்கி வைத்துவிடுவதே நல்லாசிரியர் செயலாகும்.