சுழல்கிறதா, சுழல்வதுபோல் தெரிகிறதா?

1909 ஜனவரியில், கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட் தேடியது ஒரு சுழலை. முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் ஜார்ஜ் ஹேல், சூரியனின் கரும்புள்ளிகளைச் சுற்றி ஆற்றுச் சுழிபோல வளைந்த கோடுகளைப் படம்பிடித்திருந்தார். புள்ளிகளுக்குள் வலுவான காந்தப்புலம் இருப்பதையும் நிறுவியிருந்தார். அப்படியென்றால் புள்ளி சுழலத்தானே வேண்டும்?

கண்டுபிடிக்க வழி இருந்தது. சுழலும் பொருளின் ஒரு பக்கம் நம்மை நோக்கி வரும், மறுபக்கம் விலகிப் போகும். வரும் பக்கத்தின் நிறமாலைக் கோடு நீலப் பக்கம் நகரும். போகும் பக்கத்தின் கோடு சிவப்புப் பக்கம். மயிரிழை அளவுதான், ஆனால் அளந்துவிடலாம்.

கோடு நகரத்தான் செய்தது. ஆனால் சுழலுக்குரிய திசையில் அல்ல. கரும்புள்ளியின் நடுவிலிருந்து விளிம்பைப் பார்த்து, விநாடிக்குச் சுமார் 2 கி.மீ. வேகத்தில் வாயு வெளியே வழிந்துகொண்டிருந்தது. சுழலைத் தேடியவருக்கு ஓட்டம் அகப்பட்டது. இன்றும் அதற்கு ‘எவர்ஷெட் விளைவு’ என்றுதான் பெயர்.

சூரியனில் சுழல் இல்லாமல் இல்லை. அவர் காலத்துக் கருவிக்கு எட்டாத அளவில் ஒளிந்திருந்தது. ஸ்பெயினின் லா பால்மா தீவில் ஸ்வீடன் நிறுவிய 1 மீட்டர் சூரியத் தொலைநோக்கியையும் நாசாவின் எஸ்.டி.ஓ. விண்கலத்தையும் கொண்டு ஸ்வென் வெடமயர்-போம் குழுவினர் கண்டதை 2012 ஜூனில் ‘நேச்சர்’ இதழ் வெளியிட்டது: காந்தச் சூறாவளிகள். அகலம் சில ஆயிரம் கி.மீ., ஆயுள் பத்துப் பதினைந்து நிமிடம். எந்நேரமும் சூரியன் மீது 11,000 சூறாவளிகளாவது சுழல்கின்றன என்பது அவர்கள் கணக்கு.

சூரியனின் மேற்பரப்பு, சோற்று உலை மாதிரி. சூடான வாயு கொப்புளமாக எழும்பி, ஆறி, ஓரங்களில் உள்ளே இறங்கும். இறங்குகிற இடத்தில், தொட்டித் தண்ணீர் ஓட்டைவழி வடியும்போது சுழிப்பதைப் போலச் சுழிக்கும். அந்த இடுக்கில்தான் காந்தப்புலக் கோடுகளும் வந்து சேர்கின்றன. கீழே பிளாஸ்மாவின், அதாவது மின்னேறிய அந்த வாயுவின், கை ஓங்கியிருப்பதால் அது கோடுகளை முறுக்குகிறது. மேலே, நிறமண்டலத்தில், வாயு மெலிந்துவிடுகிறது. அங்கே காந்தப்புலம் வைத்ததே சட்டம். கீழே முறுக்கிய கயிறு மேலே பிளாஸ்மாவை இழுத்துச் சுழற்றுகிறது.

இதில் இவ்வளவு அக்கறை எதற்கு? மேற்பரப்பின் வெப்பம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அதற்கு மேலுள்ள கரோனாவிலோ பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. அடுப்பைவிட்டு விலக விலகச் சூடு ஏறுகிற விநோதம். 1940களிலிருந்து தீராத இந்தப் புதிருக்கு, சக்தியை மேலே கடத்தும் குழாய்களாக இந்தச் சூறாவளிகளை அந்தக் குழு முன்வைத்தது. முழு விடையும் இதுவே என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். காந்த அலைகள், நுண்வெடிப்புகள் என்று வேறு போட்டியாளர்களும் களத்தில் இருக்கிறார்கள்.

‘ராட்சதச் சூறாவளி’ என்று செய்திகளில் வலம்வந்த காணொளிகள் வேறு கதை. 2011 செப்டம்பரில் எஸ்.டி.ஓ. படம்பிடித்த தூண் பூமியைப்போலப் பல மடங்கு பெரியது. பார்த்தால் யாரும் சுழல்கிறது என்றுதான் சொல்வார்கள். ஆனால் கொடியில் காயும் புடவை காற்றில் முன்னும் பின்னும் ஆடினாலும், தொலைவிலிருந்து சுழல்வதுபோலத்தான் தெரியும். இத்தகைய தூண் ஒன்றை மற்றொரு குழு, எவர்ஷெட் கையாண்ட அதே வழியில், நிறமாலையை வைத்துச் சோதித்தது. உண்மையாகவே சுழன்றிருந்தால் ஒரு பக்கம் சிவப்பாகவும் மறுபக்கம் நீலமாகவும் நிலைத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம்கூட அது நிலைக்கவில்லை.