மாணாக்கர் விருப்பமும் பயிற்சி ஆசிரியரும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. உடல்நலத்தைப் பேண வேண்டும் என்று சொல்ல வருபவர்கள் இதை எடுத்துக் காட்டுவது வழக்கம். பள்ளிக்கூடத்துச் சித்திர வகுப்பைப் பற்றி எண்ணும்போது இப்பழமொழிக்கு வேறொரு பொருளும் தோன்றுகிறது. சித்திரம் மாணாக்கருடையது, அதைத் தாங்கும் சுவர் ஆசிரியருடையது. அந்தச் சுவரை எழுப்ப ஒருவர் எவ்வாறு கற்றுக்கொள்கிறார் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நம்மில் பலர் பயின்ற டிராயிங் வகுப்பைச் சற்று நினைவுபடுத்திக் கொள்வோம். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு மாம்பழத்தை வரைவார். நாற்பது பிள்ளைகளும் அதைப் பார்த்து வரைவார்கள். ஆசிரியரின் மாம்பழத்தை ஒத்திருக்கும் மாம்பழத்துக்கு அதிக மார்க்குக் கிடைக்கும். இம்முறையால் கைப்பழக்கம் ஓரளவு ஏற்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எதை வரைவது, எந்தப் பொருளைக் கொண்டு வரைவது, எப்போது முடிந்தது என்று நிறுத்துவது ஆகிய மூன்றையும் ஆசிரியரே முடிவு செய்தார். ஓவியர் ஒருவர் தம் தொழிலில் நாள்தோறும் செய்ய வேண்டிய முடிவுகளோ இவைதாம்.

இம்முடிவுகளைப் பிள்ளைகளிடமே விட வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. வியன்னா நகரில் பிரான்ஸ் சிஸெக் என்பவர் 1897ஆம் ஆண்டிலேயே சிறுவர் கலை வகுப்பு ஒன்றைத் தொடங்கி, மாதிரியைப் பார்த்து எழுதும் வழக்கத்தை ஒதுக்கினார். நம் நாட்டில் சாந்திநிகேதனத்தில் பயின்ற தேவி பிரசாத், சேவாகிராமத்தின் ஆதாரக் கல்விப் பள்ளியில் பணிபுரிந்து, கலையே கல்விக்கு அடிப்படை என்று வற்புறுத்தினார். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாஸசூஸெட்ஸ் மாநிலத்து ஆசிரியர் சிலர் இக்கருத்தைப் பொதுப் பள்ளிகளில் நடத்தக்கூடிய ஒரு வகுப்பு முறையாகவே வகுத்தனர். அவர்களுள் காத்ரீன் டக்ளஸ், டயேன் ஜாக்வித் என்னும் இருவர் 2009ஆம் ஆண்டில் எழுதிய நூல் இம்முறையை விரிவாக விளக்குகிறது. ஓவியர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே பாடம், மாணாக்கரே ஓவியர், வகுப்பறையே அவருடைய பணிக்கூடம் என்னும் மூன்று கருத்துகளில் இம்முறை அடங்கும். இதனை நாம் விருப்பத் தெரிவு வகுப்பு என்று அழைக்கலாம்.

அத்தகைய உயர்நிலைப் பள்ளி வகுப்பு ஒன்றினுள் நுழைந்தால் முதலில் கண்ணுக்குத் தெரிவது அதன் ஒழுங்கு. ஒரு மூலையில் பென்சிலும் கரிக்கோலும் இருக்கும். மற்றொரு மூலையில் நீர்வர்ணமும் தூரிகைகளும், வேறோர் இடத்தில் களிமண்ணும், அதற்கப்பால் அச்சுப்படம் செதுக்கும் கருவிகளும் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் இடத்திலும் பொருள்களை எப்படி எடுப்பது, எப்படிக் கழுவி வைப்பது என்பதை விளக்கும் அட்டை தொங்கும். மணி அடித்ததும் ஆசிரியர் ஐந்து முதல் பத்து நிமிடம் வரை ஒரு நுட்பத்தைச் செய்து காட்டுவார். அதன் பின் மாணாக்கர் தத்தம் வேலைக்குச் செல்வர். இறுதியில் பொருள்களை ஒழுங்குசெய்தபின், ஓரிருவர் தாம் செய்ததைக் காட்டிப் பேசுவர். இவ்வொழுங்கு இல்லையேல் சுதந்திரம் வெறும் கூச்சலாக முடியும்.

இவ்வகுப்பிற்குள் பயிற்சி ஆசிரியை ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் ஆசிரியர் உரிமம் பெற விரும்புவோர் 300 மணி நேரமேனும் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும். அனுபவம் வாய்ந்த வகுப்பாசிரியர் ஒருவர் அவருக்கு வழிகாட்டுவார். கல்லூரியிலிருந்தும் ஒருவர் வந்து பார்வையிடுவார். முதல் சில வாரங்கள் கவனிப்பதில் கழியும். பின்னர் ஒவ்வொரு வகுப்பாக அவர் பொறுப்பேற்பார்.

அவருக்கு ஏற்படும் முதல் இடையூறு பாடக் குறிப்பு எழுதுவதிலேயே தோன்றுகிறது. பாடக் குறிப்புப் படிவம் ஒரு நோக்கத்தையும் ஒரு விளைவையும் கேட்கிறது. வகுப்பிலோ இருபத்தைந்து பேர் இருபத்தைந்து வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறார்கள். இதற்கு வழி, விளைவாகிய படத்தைக் குறிப்பிடாமல், பழக வேண்டிய திறனைக் குறிப்பிடுவதே. "மாணாக்கர் ஒரு பூச்சாடியை வரைவர்" என்று எழுதுவதற்குப் பதிலாக, "ஒரு பொருளில் ஒளி விழும் பக்கத்தையும் நிழல் விழும் பக்கத்தையும் பிரித்தறிந்து, தம் வேலையில் அதைக் கையாள முயல்வர்" என்று எழுதலாம். களிமண் பிசைபவருக்கும் கரிக்கோல் பிடித்தவருக்கும் இது பொருந்தும்.

இவ்வாறு திறன்களைப் பிரித்துக் காண்பதற்கு ஒரு நல்ல துணை உண்டு. லோயிஸ் ஹெட்லண்ட், எல்லன் வின்னர் முதலிய நால்வர், பாஸ்டன் பகுதியின் இரு உயர்நிலைப் பள்ளிகளில் கலை வகுப்புகளைக் கூர்ந்து ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். நல்ல கலை வகுப்பில் எட்டு மனப்பழக்கங்கள் வளர்கின்றன என்பது அவர்கள் கண்ட முடிபு. கைத்திறனை வளர்த்தல், ஈடுபட்டு விடாது முயலுதல், இல்லாததை மனத்தில் காணுதல், கருத்தையும் உணர்ச்சியையும் வெளியிடுதல், கூர்ந்து நோக்குதல், செய்ததை எண்ணிப் பார்த்தல், பழகிய எல்லையைத் தாண்டி முயன்று பார்த்தல், கலையுலகை அறிதல் என்பன அவை. மார்க்கு இடும்போதும் இவற்றையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

ஆயினும் பயிற்சி ஆசிரியையின் உண்மையான சோதனை வேறிடத்தில் இருக்கிறது. வெள்ளைத் தாளின் முன் ஒரு மாணவன் கைகட்டி அமர்ந்திருக்கிறான். வயது பதினாறு. "நான் என்ன வரைய வேண்டும்? சொல்லுங்கள், வரைகிறேன்" என்கிறான். அவன் சோம்பேறி அல்லன். இத்தனை ஆண்டுகளாகச் சொன்னதைச் செய்தே மார்க்கு வாங்கியவன். தனக்கு என்ன வேண்டும் என்று அவனை எவரும் கேட்டதில்லை. பின்வரிசையில் கல்லூரிப் பார்வையாளர் குறிப்பேட்டுடன் அமர்ந்திருக்கிறார். மாணவன் சும்மா இருப்பது தன் குறை என்று கருதப்படுமோ என்று ஆசிரியைக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. "ஒரு மலையும் சூரியனும் வரை" என்று சொல்லிவிட்டால் அக்கணமே அவன் கை அசையும்; பார்வையாளரும் மகிழக்கூடும். ஆனால் மாணவன் மறுபடியும் பழைய இடத்துக்கே போய்விடுவான். எதுவும் சொல்லாமல் விலகிச் சென்றாலோ, அவன் ஒரு பருவம் முழுவதையும் வீணாக்கக் கூடும்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அது கேள்வி கேட்பதும், எல்லையைக் குறுக்குவதும் ஆகும். "பள்ளிக்கு வரும் வழியில் நீ தினமும் பார்ப்பது என்ன?" என்று கேட்கலாம். "பஸ் நிறுத்தம்" என்று அவன் சொன்னால், "அதைக் கறுப்பு, மஞ்சள் என்னும் இரண்டு வர்ணங்களில் மட்டும், உள்ளங்கை அளவில் மூன்று சிறு படங்களாகப் போட்டுப் பார்" என்று சொல்லலாம். பரந்த வெளியில் திகைத்து நிற்பவருக்கு ஒரு வேலி பல சமயங்களில் உதவி செய்கிறது. எல்லையை ஆசிரியை வகுத்தார். பொருளை மாணவனே தெரிந்துகொண்டான். மூன்றில் எது நன்று என்று தீர்மானிக்கும்போது அவன் தன் முதல் முடிவைச் செய்துவிடுகிறான்.

மற்றொரு சோதனையும் உண்டு. ஒரு மாணவி முகம் ஒன்றை எழுதியிருக்கிறாள். காது தவறான இடத்தில் இருக்கிறது. பயிற்சி ஆசிரியையின் கை தானாகவே அவளுடைய பென்சிலை நாடும். இரண்டு கோடுகளில் காது சரியாகிவிடும். ஆனால் அந்தக் கணம் முதல் அப்படம் மாணவியுடையது அன்று. தாமே ஒரு தனித்தாளை எடுத்து, காதின் மேல் விளிம்பு புருவத்தின் மட்டத்திலும், கீழ் விளிம்பு மூக்கின் அடிமட்டத்திலும் ஏறக்குறைய அமைவதை வரைந்து காட்டுவதே முறை. பிறகு கண்ணாடியில் அவளுடைய முகத்தையே பார்க்கச் சொல்லலாம். மாணாக்கரின் தாளில் ஆசிரியரின் கை படலாகாது என்பதைப் பயிற்சிக் காலத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டும். பின்னர்க் கற்பது அரிது.

எல்லாவற்றையும் விருப்பத்திற்கு விட்டுவிடுவதும் இல்லை. அச்சுப்படம் செதுக்குகையில் கத்தியின் முனைக்கு எதிரே மறுகையை வைக்கக் கூடாது என்பது விதி. சூளையை மாணாக்கர் தொடக் கூடாது என்பதும் விதி. செய்முறை விளக்கத்தின்போது அனைவரும் கவனிக்க வேண்டும் என்பதும் அவ்வாறே.

இம்முறையைக் குறைகூறுவோர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. சிலர் தமக்கு எளிதாக வருவதையே திரும்பத் திரும்ப வரைவர். சிலர் கைபேசியில் கண்ட படத்தை அப்படியே பெயர்த்து எழுதுவர். இவற்றுக்கு மருந்து, ஒவ்வொரு நாளும் வகுப்பு முடிந்தவுடன் யார் என்ன செய்தார், அடுத்து அவருக்கு என்ன தேவை என்று ஆசிரியர் ஒரு வரி குறித்து வைப்பதுதான். கரும்பலகையில் மாம்பழம் வரைவதைவிட இது கடினமான உழைப்பு. விருப்பத் தெரிவு வகுப்பில் ஆசிரியருக்கு வேலை இல்லை என்று நினைப்பவர்கள் இக்குறிப்பேட்டைப் பார்த்ததில்லை.

நம் நாட்டிற்கு இது ஏற்குமா என்று நேயர்கள் கேட்கலாம். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பத்தாம் வகுப்பு வரை கலைக்கல்வி கட்டாயமாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2014ஆம் ஆண்டின் ஆசிரியக் கல்வி விதிகள், இரண்டாண்டு பி.எட். படிப்பில் இருபது வாரங்களைப் பள்ளி அனுபவத்துக்கென ஒதுக்கின. களிமண் மேசையும் சூளையும் இல்லாத பள்ளிகளே நம்மிடம் மிகுதி என்பது உண்மை. ஆயினும் தாளும் பென்சிலும் மட்டுமே உள்ள வகுப்பிலும் ஒரு தெரிவைக் கொடுக்க முடியும். நுட்பத்தை ஆசிரியர் காட்டட்டும். அதைக் கொண்டு எதை வரைவது என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்யட்டும். நாற்பது மாம்பழங்களுக்குப் பதிலாக நாற்பது பிள்ளைகளின் வீட்டுத் திண்ணைகளும், தெருக்களும், கன்றுக்குட்டிகளும் தாள்களில் வந்து சேரும். அவற்றுள் ஒன்றைப் பார்த்து, "இதை ஏன் இங்கே வைத்தாய்?" என்று ஆசிரியர் கேட்பதும், அதற்கு அப்பிள்ளை ஒரு காரணம் சொல்வதும் கல்வியில் சிறிய நிகழ்ச்சிகள் அல்ல.