பக்கவிசையைத் தாங்கும் கட்டடங்கள்

காஜாங் நகரில் இருவகைக் கட்டடங்களை அருகருகே காணலாம். ஒருபுறம், அஞ்சடி எனப்படும் நடைபாதையோடு கூடிய பழைய கடைவீடுகள். மறுபுறம், வானை நோக்கி எழும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். எடையைச் சுமப்பதே கட்டடத்தின் வேலை என்று பலரும் எண்ணுவர். கூரை, தளம், மனிதர், பொருள்கள் ஆகியவற்றின் எடை தூண்களின் வழியாகக் கீழிறங்கி மண்ணைச் சேர்கிறது. ஆனால், கட்டடத்தைச் சோதிக்கும் விசை இன்னொன்றும் உண்டு. அது மேலிருந்து அழுத்துவதில்லை, பக்கவாட்டில் தள்ளுகிறது. காற்று, நிலநடுக்கம், சரியும் மண் ஆகியவை இத்தகைய பக்கவிசையை உண்டாக்குகின்றன.

பக்கவிசையின் தன்மையை ஒரு சிறு சோதனையால் அறியலாம். ஒரே நீளமாக நறுக்கிய நான்கு சாத்தே குச்சிகளின் முனைகளை ரப்பர் வளையத்தால் கட்டி, ஒரு சதுரம் செய்ய வேண்டும். அதன் மேல்மூலையை விரலால் பக்கவாட்டில் தள்ளினால், சதுரம் உடனே சாய்ந்துவிடும். குச்சிகளுள் ஒன்றுகூட முறிவதில்லை. ஆயினும் வடிவம் குலைந்துவிடுகிறது. இப்போது நீளமான குச்சி ஒன்றை மூலைக்கு மூலை குறுக்கே வைத்துக் கட்டினால், சதுரம் இரண்டு முக்கோணங்களாகப் பிரியும். மீண்டும் தள்ளினாலும் அது எளிதில் சாயாது. பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் வடிவமும் மாறாது என்பதே இதற்குக் காரணம்.

இந்தக் குறுக்குக் குச்சியின் வேலையைத்தான் கட்டடங்களில் மூலைவிட்டச் சட்டங்கள் செய்கின்றன. மின்கம்பிகளைத் தாங்கும் இரும்புக் கோபுரங்களிலும் கட்டுமானத் தளங்களின் சாரங்களிலும் இவற்றைத் தெளிவாகக் காணலாம். பல இடங்களில் இரண்டு சட்டங்கள் பெருக்கல் குறிபோல் அமைந்திருக்கும். மெல்லிய இரும்புச் சட்டம் இழுவிசையை நன்கு தாங்கும்; அழுத்தினாலோ வளைந்துவிடும். எனவே, காற்று ஒரு திசையிலிருந்து தள்ளும்போது ஒரு சட்டமும், எதிர்த்திசையிலிருந்து தள்ளும்போது மற்றொரு சட்டமும் இழுபட்டுக் கட்டடத்தைக் காக்கின்றன.

சட்டங்களுக்குப் பதிலாகச் சுவரையும் பயன்படுத்தலாம். குச்சிச் சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் ஒரு கெட்டி அட்டையை ஒட்டினாலும் அது சாயாது. பக்கவிசையைத் தாங்குவதற்கென்றே கட்டப்படும் இத்தகைய சுவரைப் பொறியாளர்கள் ‘ஷியர் சுவர்’ என்பர். இது பெரும்பாலும் இரும்புக் கம்பிகள் பதித்த கான்கிரீட்டால் ஆனது. ஆனால், எந்தச் சுவரும் தன் நீளவாக்கில்தான் வலிமை மிக்கது. நிறுத்தி வைத்த அட்டையை அதன் விளிம்பில் தள்ளினால் அது எதிர்த்து நிற்கும்; அதன் முகத்தில் தள்ளினால் எளிதில் விழுந்துவிடும். ஆகவே, பொறியாளர்கள் ஷியர் சுவர்களை ஒரே திசையில் அமைப்பதில்லை; ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அமைக்கின்றனர்.

பழைய கடைவீடுகளிலும் இந்த உண்மையைக் காணலாம். இரண்டு கடைகளுக்கு இடையிலுள்ள பொதுச்சுவர் முன்வாசலிலிருந்து பின்கட்டுவரை நீண்டிருக்கும். முன்னிருந்து பின்னாக வரும் விசையை அது நன்கு தாங்கும். கடையின் முன்பக்கமோ தூண்களோடு திறந்தே கிடக்கும். அதனால், வரிசையின் நீளவாக்கில் வரும் விசைக்கு அந்தப் பக்கம் வலிமை குறைவு. அங்கே அடுத்தடுத்த கடைகள் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கின்றன.

உயரம் கூடக்கூடச் சிக்கலும் பெருகுகிறது. காற்றின் வேகம் இருமடங்கானால், அது தரும் விசை நான்கு மடங்காகும். உயரே தள்ளும் விசை நெம்புகோல்போல் செயல்பட்டு, கட்டடத்தை அடியோடு கவிழ்க்கப் பார்க்கும். இதனால்தான் உயரமான கட்டடங்களில் மின்தூக்கிகளையும் படிக்கட்டுகளையும் சுற்றிலும் தடித்த கான்கிரீட் சுவர்களை எழுப்புகின்றனர். நான்கு சுவர்களும் இணைந்து, பெட்டி போன்ற உறுதியான நடுத்தண்டாகின்றன. 452 மீட்டர் உயரமுள்ள பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் ஒவ்வொரு கோபுரத்திலும் இத்தகைய கான்கிரீட் நடுத்தண்டு உண்டு. அதைச் சுற்றி 16 பெரிய தூண்கள் வட்டமாக நிற்கின்றன. 41, 42ஆம் மாடிகளை இணைக்கும் வான்பாலம் கோபுரங்களோடு இறுக்கிப் பிணைக்கப்படவில்லை. காற்றில் கோபுரங்கள் தனித்தனியே அசையும்போது, பாலமும் சற்று நகர்ந்து கொடுக்கிறது. உறுதியான கட்டடமும் சிறிதளவு அசையத்தான் செய்யும். அந்த அசைவு அளவோடு இருக்க வேண்டும் என்பதே பொறியியலின் நோக்கம்.

2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் சுமத்திராவின் பாடாங் நகருக்கருகே நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் அதிர்வு கடலைக் கடந்து கிள்ளான் பள்ளத்தாக்கையும் எட்டியது. உயர்ந்த கட்டடங்களில் இருந்தவர்கள் அதை உணர்ந்து வெளியேறினர். தொலைவிலிருந்து வரும் அதிர்வு மெதுவாக ஆடும் தன்மை உடையது. உயரமான கட்டடங்களும் இயல்பாகவே மெதுவாக ஆடுபவை. ஊஞ்சலை அதன் ஆட்டத்திற்கேற்பத் தள்ளினால் வீச்சு கூடுவதுபோல, அங்கே ஆட்டம் கூடுகிறது.

கட்டடத்தின் ஒரு மாடி மட்டும் வலுவிழந்திருந்தாலும் ஆபத்து நேரும். 2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் இந்தியாவின் குஜராத்தில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்திலும் பல அடுக்குமாடிகள் இடிந்தன. அவற்றுள் பலவற்றின் தரைத்தளம், வாகனம் நிறுத்துவதற்காகச் சுவரின்றித் திறந்து விடப்பட்டிருந்தது. மேல்மாடிகளில் சுவர்கள் இருந்தும், அவற்றின் வழியாக இறங்கிய பக்கவிசை முழுவதையும் தரைத்தளத் தூண்களே தாங்க வேண்டியதாயிற்று.

நம் நாடும் பெரிய விலை கொடுத்துள்ளது. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் சிலாங்கூர், உலு கிள்ளானில் இருந்த ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் 12 மாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்து விழுந்தது. 48 பேர் உயிரிழந்தனர். தொடர்மழைக்குப் பின், கட்டடத்தின் பின்புறக் குன்றில் மண் சரிந்து அடித்தளத்தைத் தள்ளியது. மண்ணுள் இறக்கப்பட்டிருந்த இரும்புத் தூண்கள் மேலிருந்து வரும் எடையைச் சுமந்து நின்றவை. பக்கவாட்டில் தள்ளிய மண்ணின் விசையை அவற்றால் தாங்க முடியவில்லை.

இந்நிகழ்வுகள் உணர்த்தும் உண்மை ஒன்றே. பக்கவிசை கூரையிலிருந்து மண்வரை தடையின்றி இறங்க ஒரு வழி வேண்டும். தளம், சுவர், சட்டம், அடித்தளம் ஆகியன அவ்வழியின் கண்ணிகள். ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவற்றின் வலிமை பயன்படாது.

இது பொறியாளர்கள் மட்டும் அறிய வேண்டிய செய்தியன்று. வீட்டைப் புதுப்பிக்கும்போது, வரவேற்பறையை அகலமாக்கவும் புதிய கதவு வைக்கவும் சிலர் சுவரை இடிக்கின்றனர். புதிய அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் கான்கிரீட் சுவர்களே எடையையும் பக்கவிசையையும் தாங்குகின்றன. அறையைப் பிரிக்கும் சாதாரணச் சுவரா, கட்டடத்தைக் காக்கும் சுவரா என்பது கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே, சுவரில் கை வைப்பதற்கு முன் பொறியாளரின் ஆலோசனையையும் நகராண்மைக் கழகத்தின் அனுமதியையும் பெறுவது கட்டாயம். ஒரு வீட்டில் இடிக்கப்படும் சுவர், அதற்கு மேலுள்ள எல்லா வீடுகளுக்கும் உரிய பாதுகாப்பாக இருக்கக்கூடும்.