ஆராய்ச்சிக் கங்கை

பல்லாண்டு உழைத்து ஒருவர் எழுதும் டாக்டர் பட்ட ஆய்வேடு யாருக்கு உரியது? பட்டம் அவருக்கே உரியது, ஐயமில்லை. ஆயினும், பெரும்பாலும் பொதுப் பணத்தால் நடைபெறும் ஆராய்ச்சியின் பயன் மக்கள் அனைவரையும் சேர வேண்டுமன்றோ?

நெடுங்காலம் அது அவ்வாறு சேரவில்லை. தட்டச்சில் சில படிகள் எடுப்பர். ஒரு படி பல்கலைக் கழக நூல் நிலையத்தின் அலமாரியில் உறங்கும். மதுரையில் எழுதப்பெற்ற ஆய்வேட்டைக் கான்பூரில் வாழும் தமிழர் படிக்க விரும்பினால், பெரும்பாலும் இரயில் ஏற வேண்டியதாயிற்று.

இந்நிலையை மாற்றியது 'ஷோத்கங்கா'. 'ஆராய்ச்சிக் கங்கை' என்பது அதன் பொருள். இணையவழி இயங்கும் இக்களஞ்சியத்தைக் குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் பேணி வருகின்றது. ஆய்வேட்டின் மின்படியையும் அளிக்க வேண்டும் என்று பல்கலைக் கழக மானியக் குழு 2009இல் விதி செய்தது. இன்று 5 லட்சத்துக்கு மேற்பட்ட ஆய்வேடுகள் அங்கு உள்ளன. தமிழில் எழுதப்பெற்றவையும் அவற்றுள் உண்டு. படிக்கக் கட்டணம் இல்லை. இவ்வாறு யாவரும் தடையின்றிப் படிக்க வெளியிடுதலைத் 'திறந்த அணுக்கம்' என்பர்.

இதில் நூல் நிலையத்தார் ஆற்றும் பணி புறத்தே தெரிவதில்லை. ஆய்வேட்டைப் பிறர் எழுத்துடன் ஒப்பிட்டுச் சோதிக்க அவர்கள் உதவுகின்றனர். முகப்பு, பொருளடக்கம், இயல்கள் எனப் பிரித்து ஏற்றுகின்றனர். ஆசிரியர், நெறியாளர், துறை, பொருள் ஆகியவற்றைப் பதிகின்றனர். இப்பதிவு பிழைபட்டால், ஆய்வேடு இருந்தும் இல்லாததே ஆகும். தேடுவோர் கைக்கு அது எட்டாது.

திறந்து வைத்தால் பிறர் திருடிவிடுவரே என்று அஞ்சுவோரும் உளர். பூட்டிய அலமாரியிலிருந்து ஒருவர் எடுத்தாண்டால் அதனை அறிவது அரிது. எல்லோரும் காணும் இடத்தில் உள்ளதை எடுத்தாண்டால், ஒப்பிட்டுக் கண்டுபிடித்தல் எளிது. ஆகவே, திறந்த கதவே இங்குக் காவலும் ஆகின்றது.

ஆயினும் ஒரு குறை உண்டு. பழைய ஆய்வேடுகள் பல இன்னும் தாளிலேயே உள்ளன. தாள் பழுப்பேறும், பூச்சி அரிக்கும். நம்முள் முன்னாளில் பட்டம் பெற்றோரோ அவர்தம் மக்களோ, பட்டம் அளித்த பல்கலைக் கழக நூல் நிலையத்தாருக்கு ஒரு கடிதம் எழுதலாம். ஆய்வேடு களஞ்சியத்தில் ஏறியுள்ளதா என வினவலாம். இல்லையெனில், மின்படியாக்கி வெளியிட இசைவு தரலாம். பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்துவிட்ட நாம், அங்கு விளைந்த அறிவு நம் இல்லம் தேடி வருவதன் அருமையை நன்கு அறிவோம்.