கரணப் புறாவுக்குப் புதிய கூடு

எமது கிராமங்களில் இளைஞர் பலருக்குப் புறா வளர்ப்பதில் ஆர்வம் உண்டு. சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் ஒரு சோடி கரணப் புறா வாங்கிவருவார்கள். மூன்றாம் நாள் ஆசையோடு கூட்டைத் திறப்பார்கள். புறா மேலே எழுந்து இரண்டு வட்டம் சுற்றும்; பிறகு விற்றவரின் கூரையிலே போய் இறங்கும், அல்லது வழி தவறி எங்கோ மறைந்துவிடும். காசும் போய்விடும், புறாவும் போய்விடும்.

இதில் புறாவைக் குறை சொல்லிப் பயனில்லை. காசு கைமாறும்போது சொந்தக்காரர் மாறுகிறார். புறாவின் வீடு மாறுவதில்லை. புதிய கூட்டைத் தன் வீடென்று அது ஏற்றுக்கொள்ள நாட்கள் எடுக்கும். பூட்டினால் புறாவை அடைத்து வைக்கலாமே தவிர, திரும்பி வரச் செய்ய முடியாது.

பரம்பரைக் குணம்

வானத்தில் பறக்கும்போது பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிப்பதே இப்புறாவின் சிறப்பு. இது யாரும் பழக்கிக் கொடுப்பதல்ல, பெற்றோரிடமிருந்து வருவது. 1859இல் வெளியான 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூலில் சார்ள்ஸ் டார்வின் இதைப் பரம்பரைக் குணம் என்றே குறிப்பிட்டார். எமது பிராந்தியத்திலும் இக்கலை பழையது. அக்பர் சக்கரவர்த்தி வளர்த்த புறாக்களையும் அவை அடித்த கரணங்களையும் பற்றி அபுல் ஃபசல் தமது 'ஆயினி அக்பரி'யில் எழுதியுள்ளார். இன்று பல நாடுகளில் வளர்க்கப்படும் பேர்மிங்ஹாம் கரணப் புறா, இங்கிலாந்தின் அந்நகரப் பகுதியில் உருவானது. ஆகவே கரணத்தைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. அது இரத்தத்தில் உள்ளது. நாம் பழக்க வேண்டியது வீடு திரும்புவதை மட்டுமே.

எந்த வயதில் வாங்குவது?

ஐந்து அல்லது ஆறு கிழமை வயதான குஞ்சுகளே மிகச் சிறந்தவை. தாமாக இரை பொறுக்கத் தொடங்கியிருக்கும். ஆனால் வெளியே பறந்து ஓர் இடத்தை வீடாகப் பதித்திருக்கமாட்டா. அவை முதன்முதலில் வானத்திலிருந்து பார்க்கும் கூரை உங்களுடையதாக இருக்கட்டும்.

வேறிடத்தில் பறந்து பழகிய பெரிய புறாக்களைத் திறந்துவிடுவது ஆபத்து. அவற்றை வலையடித்த கூட்டில் வைத்துச் சோடி சேர்ப்பதே புத்தி. பெட்டை இரண்டு முட்டை இடும். ஏறக்குறைய 18 நாளில் குஞ்சு பொரிக்கும். அந்தக் குஞ்சுகள் உங்கள் கூட்டிலேயே பிறந்தவை, அவற்றைப் பறக்கவிடலாம். பொறுமை உள்ளவருக்கு ஒரு சோடியே போதும்.

கூடு

புறா வரும் முன்னரே கூடு ஆயத்தமாக இருக்க வேண்டும். நான்கு அடி நீளம், அகலம், உயரம் கொண்ட பெட்டிக் கூடு பதினைந்து இருபது புறாக்களுக்குப் போதும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சிறு இருக்கை அடித்துக் கொடுத்தால் சண்டை குறையும். கூரைக்குக் கிடுகும் நல்லது. ஆனால் மழை ஒழுகக் கூடாது. காற்றோட்டம் வேண்டும், சாரல் அடிக்கக் கூடாது. அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை போட்டால் எலியும் பாம்பும் நுழைவது கடினம். கூட்டின் கால்களைச் சுற்றித் தகரம் அடித்தால் மரநாயும் பூனையும் ஏறமாட்டா.

வாசலுக்கு முன்னால் கம்பிவலையால் ஒரு சிறு முகப்புக் கூடு அமைப்பது மிக அவசியம். புறா அதற்குள் நின்று முற்றம், மரம், கிணறு, பக்கத்து வீட்டுக் கூரை எல்லாவற்றையும் நாள் முழுவதும் பார்க்க வேண்டும். பார்த்துப் பழகாத இடத்துக்குப் புறா திரும்பி வராது.

முதல் கிழமைகள்

உங்களிடம் ஏற்கனவே புறாவோ கோழியோ இருந்தால், புதிதாக வந்தவற்றை மூன்று நான்கு கிழமை தனியாக வையுங்கள். கோழி வளர்க்கும் வீட்டார் இதைச் சிறு விடயமாக எண்ணக் கூடாது. கழுத்து முறுக்குதல், நடுக்கம், நீர்போன்ற எச்சம் ஆகியவற்றோடு புறாக்களுக்கு வரும் நோயொன்றின் கிருமி, இராணிக்கெட் நோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்தது, கோழிக்கும் தொற்றக்கூடியது. ஒருவரின் பொழுதுபோக்கால் வீட்டுக்கு முட்டை தரும் கோழிகள் அழிந்துபோகக் கூடாது. தொண்டைக்குள் மஞ்சள் நிறப் படிவு தெரிந்தால் அது வேறொரு நோய். குடிக்கும் தண்ணீர் மூலம் பரவும். இரண்டுக்கும் மிருக வைத்தியரை நாடுங்கள்.

தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். புறா சொண்டை அமிழ்த்தி உறிஞ்சிக் குடிப்பதால் பாத்திரத்தில் ஓர் அங்குல ஆழமாவது தண்ணீர் இருக்க வேண்டும். எச்சத்தைச் சுரண்டும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நெடுங்காலத்தில் நுரையீரலைப் பாதிக்கும்.

பசியும் அழைப்பும்

புறாவை வீட்டுக்கு அழைத்துவருவது வேளைக்குக் கிடைக்கும் உணவு. ஒரு புறாவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 முதல் 30 கிராம் தானியம் போதும். சோளம், பயறு, கௌபி, நெல் ஆகியவற்றைக் கலந்து கொடுக்கலாம். நொறுக்கிய சிப்பியும் சிறு மணலும் வேண்டும். எப்போதும் ஒரே நேரத்தில், ஒரே ஆள், கூட்டுக்குள்ளேயே தீனி போட வேண்டும். போடும் முன் பேணியில் தானியத்தைக் குலுக்குங்கள், அல்லது விசில் அடியுங்கள். இரண்டு கிழமையில் அந்தச் சத்தம் கேட்டதும் அவை ஓடிவரும். அதற்கு முன் கதவைத் திறக்க வேண்டாம்.

பசி வேறு, பட்டினி வேறு. நெஞ்செலும்பு கத்திபோல் கையில் குத்தினால் நீங்கள் புறாவைப் பட்டினி போடுகிறீர்கள். மெலிந்த புறாவுக்குப் பறக்கவும் பலமில்லை, திரும்பவும் பலமில்லை.

முதல் பறப்பு

காற்றடங்கிய, வானம் தெளிந்த ஒரு மாலையைத் தெரிவு செய்யுங்கள். சோளகம் பலமாக வீசும் நாளும் மழை இருட்டும் நாளும் ஆகாது. தீனி நேரத்துக்குச் சற்று முன்பாகக் கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். புறாக்களைக் கலைக்கவோ எறிந்து பறக்கவிடவோ வேண்டாம். கூரையில் ஏறி நின்று பார்த்தாலே முதல் நாளுக்குப் போதும். அரை மணி நேரத்தின் பின் பேணியைக் குலுக்கி உள்ளே எடுங்கள். இருட்ட முன் ஒவ்வொன்றாக எண்ணுங்கள். இப்படிச் சில நாள் செய்தால், ஒருநாள் அவை தாமாகவே கூட்டமாய் எழும்பும்.

ஒரே வயதுக் குஞ்சுகளைச் சேர்த்துப் பழக்கினால் கூட்டம் குலையாது. கரணம் உடனே வராது. பல குஞ்சுகள் மூன்று மாதத்துக்குப் பிறகே தொடங்கும். அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள்.

பருந்தும் வல்லூறும் சுற்றும் நாட்களில் புறாக்களை அடைத்து வையுங்கள். கரணத்தை நிறுத்த முடியாமல் நிலத்தில் மோதும் புறாக்களும் உண்டு. அப்படிப்பட்டதைப் பறக்கவிடவும் கூடாது, குஞ்சு எடுக்கவும் கூடாது. அந்தக் குறை குஞ்சுகளுக்கும் தொடரும்.

இவை அனைத்துக்கும் பெரிய செலவு இல்லை. வேண்டியது சில பலகைகள், கொஞ்சம் கம்பிவலை, தவறாத நேரம். காசு கொடுத்த அன்றே புறா உங்களுடையதாகிவிடாது. திறந்த வானம் முழுவதும் முன்னால் இருக்க, அது உங்கள் கூரையைத் தேடி இறங்குகிறதே, அன்றுதான் அது உங்கள் புறா.